ஆடுகளுக்கு அதனால் நன்மை உண்டா?
பைன் ஸ்பிறிங்ஸ் நவஹோத் திரைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

1966ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள பைன் ஸ்பிறிங்ஸ் என்னும் ஒதுக்குப்புறமான இடத்தில் ஒரு பரிசோதனை நடைபெற்றது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொடர்பியல் அறிஞர் சொல் வேர்த், மானிடவியலாளர் ஜோன் அடெயர், அவர்களுக்கு உதவியாளராகச் சென்ற றிச்சட் சல்பன் ஆகிய மூவரும் நவஹோ மக்கள் சிலரிடம் பதினாறு மில்லிமீற்றர் கமராக்களைக் கொடுத்தனர். கருவியை இயக்கும் முறையையும் படச்சுருளை வெட்டி ஒட்டும் முறையையும் மாத்திரம் கற்பித்து, எதைப் படமாக்குவது, எவ்வாறு படமாக்குவது என்பவற்றை அம்மக்களிடமே விட்டுவிட்டனர். இதன் பயனாக ஏழு மௌனப் படங்கள் உருவாயின. அம்முயற்சியின் வரலாற்றையும் அதுபற்றிய ஆய்வையும் வேர்த்தும் அடெயரும் 1972இல் 'நவஹோக் கண்களினூடாக' என்னும் பொருள்படும் தலைப்பிலே நூலாக வெளியிட்டனர்.

இப்படங்கள் பற்றிய சர்ச்சை பெரிதும் ஒரு வினாவையே சுற்றி வந்துள்ளது. மொழி மனிதனின் சிந்தனையை வடிவமைக்கின்றது என்னும் சப்பீர், வோர்வ் ஆகியோரின் கருதுகோள் திரைப்படத்துக்கும் பொருந்துமா, நவஹோ மொழி பேசுவோர் நவஹோ முறையிலேதான் படம் எடுப்பரா என்பதே அவ்வினா. மொழியியலும் மானிடவியலும் பயில்வோருக்கு இது முக்கியமான வினா என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்படங்கள் ஒரு கருதுகோளுக்கான சான்றுகள் மட்டுமல்ல, அவை படைப்புக்களுமாகும். படைப்பின் உருவத்துக்கும் அது பிறந்த வாழ்க்கைக்கும் இடையேயுள்ள உறவு யாது என்ற வினாவை அவற்றின்மீது எழுப்புதல் விமர்சனத்தின் கடனாகும். அதனை ஓரளவுக்கேனும் நிறைவேற்றுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

வாழ்க்கைக் களம்

நவஹோ மக்கள் தம்மை 'டினே' என அழைப்பர். மக்கள் என்பதே அதன் பொருள். அரிசோனா, நியூ மெக்சிக்கோ, யூற்றா ஆகிய மூன்று மாநிலங்களிற் பரந்துள்ள அவர்களது நிலம் ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பரப்பினும் சற்றுக் கூடியது. எனினும் அது பெரும்பாலும் வரண்ட மேட்டுநிலம். வீடுகள் அடுத்தடுத்து அமைந்த கிராமம் அங்கு மரபான குடியிருப்பு வடிவம் அன்று. கிழக்கு நோக்கிய வாயிலையுடைய 'ஹோகன்' எனும் மனைகள் சிலவாகச் சேர்ந்து, அடுத்த தொகுதியிலிருந்து வெகுதொலைவு விலகி நிற்கும். தாய்வழியாகவே குலம் கணிக்கப்படும். திருமணமான பெண் தன் தாயின் மனைக்கருகே வாழ்தல் பழைய வழக்கம். ஆடுகள் பல பெண்களின் சொந்த உடைமையாக இருந்தன. ஆட்டு உரோமமும் அதனால் நெய்த விரிப்பும் வணிக நிலையத்துக்குச் செல்லும். அங்கிருந்து மாவும் சீனியும் கோப்பியும் வரும். கைமாறாக எதுவும் இல்லாத காலத்தில் வெள்ளி அணிகள் ஈடாக வைக்கப்படும்.

இவ்வாழ்க்கையின் பின்னணியில் ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1863-64இல் கிற் காசன் தலைமையிலான படையினர் நவஹோ மக்களின் சோள வயல்களை எரித்து, பழமரங்களை வெட்டி, கால்நடைகளை அழித்தனர். சரணடைந்த 8,000க்கும் மேற்பட்டோர் நானூறு கிலோமீற்றருக்கு அதிகமான தூரத்திலிருந்த பொஸ்கே றெடொண்டோவுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். 'நெடுநடை' என அவர்களின் நினைவில் நிலைத்த நிகழ்ச்சி இதுவேயாகும். 1868 ஜூன் 1இல் செய்யப்பட்ட உடன்படிக்கைக்குப் பின்னரே அவர்கள் தமது நிலத்துக்குத் திரும்ப முடிந்தது. 1869இல் அரசாங்கம் வழங்கிய ஏறத்தாழ 15,000 ஆடுகளிலிருந்து அவர்கள் தம் வாழ்வை மறுபடியும் கட்டியெழுப்பினர். ஆகவே நவஹோ வாழ்க்கையில் ஆடு வெறும் பொருளாதாரப் பண்டம் அன்று; அழிவிலிருந்து மீண்டமைக்கான அடையாளமும் அதுவே.

முதியவரின் வினா

வேர்த்தும் அடெயரும் தம் முயற்சிக்கு அனுமதி வேண்டி, அவ்வூரில் மதிப்புப் பெற்ற மருத்துவரும் சடங்குப் பாடகருமான சாம் யாசி என்பவரிடம் சென்றனர். அடெயர் அவ்வூருக்குப் புதியவர் அல்லர். முப்பதுகளின் இறுதியிலேயே அங்குள்ள வெள்ளிக் கொல்லர்களின் தொழிலை ஆராய்ந்தவர். திட்டத்தை விளக்கக் கேட்ட முதியவர் முதலில், படம் எடுப்பதால் ஆடுகளுக்குத் தீங்கு நேருமா என வினவினார். நேராது என வேர்த் கூறினார். அவ்வாறாயின் ஆடுகளுக்கு நன்மை விளையுமா என்பது அடுத்த வினா. அதுவும் இல்லை என்ற விடை கிடைத்தபோது, பின்னர் எதற்காகப் படம் எடுக்கவேண்டும் என அவர் கேட்டார்.

இவ்வுரையாடல் மானிடவியல் வகுப்பறைகளிலே புகழ்பெற்றது. பெரும்பாலும் இருவேறு உலக நோக்குகளின் சந்திப்பாகவே அது எடுத்துரைக்கப்படுகின்றது. கேட்போர் புன்னகைப்பர். அப்புன்னகைக்குள் முதியவர் உலகறியாத எளியவர் என்ற எண்ணமும் மறைந்திருத்தல் கூடும். ஆனால் வரலாற்றோடு வைத்து நோக்கும்போது அவ்வினா எளிமையின் வெளிப்பாடாகத் தோன்றவில்லை.

1933ஆம் ஆண்டு தொடக்கம் ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் நவஹோ நிலத்திலே கால்நடைக் குறைப்புத் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. மிகையான மேய்ச்சலால் மண் அரிக்கப்படுகின்றது என்பதும், அம்மண் கொலறாடோ ஆற்றிலே கட்டப்பட்டுக்கொண்டிருந்த பேரணையைத் தூர்த்துவிடும் என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன. இலட்சக்கணக்கான ஆடுகள் அப்புறப்படுத்தப்பட்டன. கொண்டு செல்ல இயலாத இடங்களில் ஆடுகள் சுட்டுக் கொல்லப்பட்டு அப்படியே அழுக விடப்பட்டன. இத்திட்டத்துக்குப் பொறுப்பாயிருந்த இந்தியர் விவகார ஆணையாளர் ஜோன் கொலியர் பழங்குடி மக்களின் பகைவர் அல்லர். அவர்களது சமயத்துக்கும் கலைகளுக்கும் வெளிப்படையாகப் பரிந்து பேசியவர். நன்மை செய்ய வந்தவர்களாலேயே ஆடுகள் அழிந்தன என்பதுதான் அத்தலைமுறையினர் பெற்ற அனுபவம். அவ்விழப்பின் பெரும்பாரம் ஆடுகளை உடைமையாகக் கொண்டிருந்த பெண்களின்மீதே விழுந்தது.

அதிலிருந்து முப்பது ஆண்டுகள்கூட முழுமையாகக் கழிந்துவிடாத நிலையில், மறுபடியும் கல்வியறிவுடைய இரு வெள்ளையர் ஒரு திட்டத்தோடு வந்து நிற்கின்றனர். முதியவரின் வினாக்கள் அமைந்த ஒழுங்கு இவ்விடத்திற் கவனிக்கத்தக்கது. தீங்கு பற்றிய வினா முதலிலும் நன்மை பற்றிய வினா பின்னரும் வருகின்றன. வெளியிலிருந்து வரும் எத்திட்டத்தையும் முதலில் தீங்கின் அளவுகோலால் அளந்து பார்க்கவேண்டும் என்ற பட்டறிவு அவ்வொழுங்கில் உறைந்திருக்கின்றது. அது மறுப்பும் அன்று. பின்னர் அவரே தம் பேர்த்திகளான மக்சின் சோசி, மேரி ஜேன் சோசி ஆகிய சகோதரிகளின் 'நவஹோவின் ஆன்மா' என்ற படத்திலே தோன்றுகின்றார். தெரியாதவரை நோக்கிக் கேட்கப்பட்ட வினா, தன் குருதியுறவினருக்கு அனுமதியாக மாறியமை சிந்திக்கத்தக்கது.

நடையும் உழைப்பும்

ஏழு படங்களுள் அமைப்பாலும் அமைதியாலும் மனத்தைக் கவர்வது சூசி பெனலியின் 'நவஹோ நெசவாளி' ஆகும். தலைப்பைக் கண்டு தறியையும் விரல்களையும் எதிர்பார்க்கும் பார்வையாளன் ஏமாற்றமடைவான். படத்தின் பெரும்பகுதி தறிக்கு வெளியிலேயே நிகழ்கின்றது. நெசவாளியான தாய் நடக்கின்றாள். வேரைத் தேடி நடக்கின்றாள். சாயத்துக்கான செடியைத் தேடி நடக்கின்றாள். உரோமம் கழுவப்படுகின்றது, சிக்கெடுக்கப்படுகின்றது, நூலாகின்றது. நெசவு தொடங்கும்போது படம் வெகுதூரம் சென்றுவிடுகின்றது. நிறைவுற்ற விரிப்போ சிறிது நேரமே திரையில் நிற்கின்றது.

இந்த 'நடத்தல்' ஏனைய படங்களிலும் மீண்டும் மீண்டும் வருவதை வேர்த்தும் அடெயரும் நுணுக்கமாகக் கண்டனர். நவஹோ மொழியின் வினைச்சொற்கள் அசைவைக் குறிப்பதிற் கொண்டுள்ள நுட்பத்தோடும், தெய்வங்களும் வீரர்களும் ஓயாது பயணம் செய்யும் அவர்தம் புராணக் கதைகளோடும் இதனை அவர்கள் இணைத்து நோக்கினர். அவ்விளக்கம் பெறுமதி வாய்ந்தது. எனினும் புராணத்துக்குச் செல்லுமுன் நிலத்தைப் பார்க்கவேண்டும். பைன் ஸ்பிறிங்ஸ் போன்றதோர் இடத்தில் நீர் ஒருபுறம், விறகு ஒருபுறம், வேர் ஒருபுறம், மேய்ச்சல் மற்றொருபுறம். அங்கு நடத்தல் உழைப்பின் ஒரு பகுதியாகும்; பல வேளைகளில் உழைப்பின் பெரும்பகுதியே அதுதான்.

இவ்வுழைப்பை வணிக நிலையம் கணக்கில் எடுப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய காலத்தில் நவஹோ விரிப்புக்கள் நிறுத்துப் பார்த்து, இறாத்தலுக்கு இவ்வளவு என வாங்கப்பட்டன என்பது வரலாறு. தராசில் ஏறுவது உரோமம் மட்டுமே. நடந்த தூரம் ஏறுவதில்லை. சூசி பெனலியின் படமோ நேர்மாறான தராசு ஒன்றைப் பிடிக்கின்றது. வாங்குவோன் காணும் விரிப்பைச் சில கணங்களோடு நிறுத்தி, அவன் காணாத நடைக்கு நிமிடங்களை வாரி வழங்குகின்றது. உற்பத்திப் பொருளுக்குள் மறைந்துபோன மனித உழைப்பை வெளிக்கொணர்தல் என்று அரசியற் பொருளாதாரம் எதனைக் கூறுகின்றதோ, அதனை இப்படம் யாதொரு கோட்பாட்டு ஆரவாரமுமின்றித் தன் கால அளவுகளாலேயே செய்துவிடுகின்றது. உருவம் உள்ளடக்கத்தினின்றும் பிரிக்க முடியாதது என்பதற்கு இது தக்கதோர் எடுத்துக்காட்டாகும். சூசியிடமிருந்து கற்றுக்கொண்டு, ஆங்கிலம் அறியாத அவரது தாய் அல்ற்றா கான் 'இரண்டாம் நெசவாளி' என்னும் படத்தை எடுத்தார். தாய் மகளுக்கு நெசவு கற்பிக்கும் மரபு, இங்கே மகள் தாய்க்குக் கமராவைக் கற்பிப்பதாகத் திரும்புகின்றது.

இல்லாத சுரங்கம்

ஆயினும் உழைப்பு என்னும் ஒரே திறவுகோலால் எல்லாப் பூட்டுக்களையும் திறந்துவிட முடியாது. ஜோனி நெல்சன் எடுத்த 'நவஹோ வெள்ளிக் கொல்லன்' இதனை உணர்த்தும். இப்படத்திலே கொல்லன் நடந்து சென்று, ஒரு சுரங்கத்தில் வெள்ளியைத் தேடி எடுத்து, அதனை உருக்கிச் சிறிய தெய்வ உருவங்களை வார்க்கின்றான். ஆனால் நவஹோ மக்கள் வெள்ளியைச் சுரங்கத்திலிருந்து தோண்டி எடுத்தவர்கள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மெக்சிக்கோவினரிடமிருந்து இத்தொழிலைக் கற்ற அவர்கள், முதலில் வெள்ளி நாணயங்களை உருக்கினர். பின்னர் வணிகரிடமிருந்து வெள்ளியைப் பெற்றனர். அவ்வாறாயின் தன் மக்களின் வாழ்க்கையை நன்கறிந்த ஒருவர் இல்லாத சுரங்கத்தை ஏன் படைத்தார்?

யதார்த்தத்தைப் புறத்தோற்றப் பதிவாக மட்டும் கொள்வோர் இதனைப் பிழை எனத் தள்ளிவிடுவர். அது அவசர முடிவு. 'நவஹோ நெசவாளி'யையும் இதனையும் அருகருகே வைத்து நோக்கினால், இரண்டிலும் ஒரே அழகியற் கொள்கை தொழிற்படுவதைக் காணலாம். ஒரு பொருளைச் சொல்வதெனில் அதன் தோற்றுவாயிலிருந்து சொல்லவேண்டும்; மண்ணிலிருந்து பிரித்துவிட்டால் அப்பொருள் முழுமையற்றது. நெசவுக்கு மண்ணிலே வேர் உண்டு. ஆகவே அது காட்டப்பட்டது. வெள்ளிக்கு அவர்கள் மண்ணிலே வேர் இல்லை. ஆகவே அது கற்பிக்கப்பட்டது. அந்நியரின் நாணயத்திலிருந்து தொடங்கும் உண்மையான கதை ஒரு கடன்பட்ட கதை. நெல்சனின் படம் அக்கடனை அழித்துவிட்டு, தொழிலைத் தன் நிலத்துக்கே உரியதாக்குகின்றது. இது உண்மைக்கு மாறானது. ஆனால் பொருளற்றது அன்று. முதற்பொருளாகிய நிலத்தினின்று கருப்பொருளைப் பிரித்தறியாத திணை மரபிலே பயின்ற வாசகனுக்கு இவ்வுந்துதல் முற்றிலும் புதியதாகத் தோன்றாது.

இதில் ஒரு முரண்நகையும் உண்டு. நவஹோ நிலத்தில் உண்மையான சுரங்கங்கள் வேறு இருந்தன. 1944 தொடக்கம் 1986 வரை அந்நிலத்திலிருந்து ஏறத்தாழ 3 கோடி தொன் யுரேனியத் தாது தோண்டி எடுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் மூடப்படாமலும் துப்புரவு செய்யப்படாமலும் கைவிடப்பட்டன. நவஹோத் தொழிலாளர் பலர் நுரையீரல் நோய்களுக்கு இரையாயினர். திரையிற் கண்ட கற்பனைச் சுரங்கத்திலிருந்து தெய்வ உருவம் பிறந்தது. திரைக்கு வெளியே இருந்த சுரங்கங்களிலிருந்து பிறந்தவை வேறு. பைன் ஸ்பிறிங்ஸ் படங்கள் எதுவும் இதனைத் தொடவில்லை. அப்பரிசோதனை எதனைக் காணும் தன்மையது, எதனைக் காணாது விடும் தன்மையது என்பதை இந்த மௌனமும் காட்டுகின்றது.

தனிமனிதனும் மாதிரியும்

'அஞ்சா நிழல்கள்' என்னும் படத்தை எடுத்த அல் கிளா, ஓவியம் பயின்றவர். பைன் ஸ்பிறிங்ஸைச் சேர்ந்தவரும் அல்லர். உருண்டோடும் வளையமும், சிலந்தி வலையும், நீண்டு செல்லும் நிழல்களும் கொண்ட அவர் படத்திலே தொழிலும் இல்லை, கதையும் இல்லை. ஊரவர் முன்னிலையிற் படங்கள் திரையிடப்பட்டபோது, இது பலருக்குப் புரியவில்லை. ஆங்கிலத்தில் இருந்தமையால் விளங்கவில்லை என ஒருவர் கூறினார். படத்திலோ ஒலியே இல்லை. அக்கூற்றை வியப்புக்குரிய தவறு எனக் கொள்ளலாகாது. தமக்குரியதல்லாத ஒரு வெளிப்பாட்டு முறையைப் பெயரிட அவருக்குக் கிடைத்த மிகச் சரியான சொல் 'ஆங்கிலம்' என்பதாக இருந்திருக்கலாம்.

எனினும் கிளாவின் படம் மற்றொரு சிக்கலையும் எழுப்புகின்றது. நவஹோக் கண்கள் எனப் பன்மையிற் பேசும்போது, அக்கண்களுள் ஒவ்வொன்றும் தனித்தனியே பார்க்கின்றது என்பதை மறந்துவிட நேர்கின்றது. நெசவாளியின் மகள், ஊர் அலுவல்களில் நாட்டங்கொண்ட நெல்சன், ஊருக்கு வெளியிலிருந்து வந்த ஓவியர் ஆகியோரின் படங்கள் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. ஒற்றுமைகளைத் திரட்டுவது ஆய்வாளரின் தொழில். வேற்றுமைகளை மதிப்பது விமர்சகனின் தொழில். ஐரோப்பியன் ஒருவன் படம் எடுத்தால் அவனைக் கலைஞன் என்றும், நவஹோ ஒருவன் எடுத்தால் அவனைப் பண்பாட்டின் மாதிரி என்றும் கொள்ளும் இரட்டை அளவுகோல் அறிவுலகத்தில் வேரூன்றியுள்ளது. வேர்த்தும் அடெயரும் அவ்வளவுகோலை அசைத்தனர். தம் மக்களைப் பிறர் படமாக்குவதற்குப் பதில் அவர்களே படமாக்கட்டும் என்றது அக்காலத்திற் பெரிய முன்னேற்றமே. ஆனால் கருதுகோள் அவர்களுடையதாகவே இருந்தது. நூலின் ஆசிரியர்களும் அவர்களே.

படம் எடுப்பவர் நவஹோவாக இருந்தால் மட்டும் இச்சிக்கல் தீர்ந்துவிடும் எனக் கொள்வதற்கும் இல்லை. ஆர்லின் போமன் என்னும் நவஹோப் பெண் இயக்குநர் எடுத்த 'நவஹோ பேசும் படம்' (1986) இதற்குச் சான்று. நகரில் வளர்ந்து, தன் பாட்டியின் மொழியை அறியாத மாணவி அவர். கமராவுடன் செல்லும் அவரைப் பாட்டி ஏற்றுக்கொள்ள மறுக்கின்றார். அம்மறுப்பே படத்தின் பொருளாகிவிடுகின்றது. பைன் ஸ்பிறிங்ஸிலே பேர்த்திகளுக்குக் கிடைத்த அனுமதி இங்கே கிடைக்கவில்லை. இரத்த உறவு மட்டும் போதாது. மொழியும் கூடிவாழ்ந்த வாழ்வும் வேண்டும் என்பதை இவ்விரு படங்களின் ஒப்பீடு உணர்த்துகின்றது. 2008இல் பெனி கிளெய்ன் எடுத்த 'வீவிங் வேர்ல்ட்ஸ்' நெசவாளருக்கும் வணிகருக்கும் இடையிலான உறவை நேரடியாகவே ஆராய்கின்றது. சூசி பெனலி மௌனமாகக் காட்டிய தராசு அங்கே வாய்திறந்து பேசுகின்றது எனலாம்.

கிணறு

ஏழு படங்களுள், நெசவாளியும் நிழல்களும் பெற்ற கவனத்தை நெல்சனின் மற்றொரு படமான 'ஆழமற்ற கிணறு' பெறவில்லை. திறந்த நீர்நிலைக்குப் பதிலாக மூடிய கிணறு ஒன்றை அமைக்கும் வேலையை அது காட்டுகின்றது. அழகியல் நோக்கில் அது ஒரு சாதாரண செய்திப்படம் போலத் தோன்றலாம். புராணத்தின் எதிரொலியோ மொழியமைப்பின் சாயலோ அதிலே எளிதில் அகப்படுவதில்லை. ஆய்வாளருக்கு அது கவர்ச்சியற்றதாய் இருப்பதிலும் வியப்பில்லை.

ஆனால் முதியவரின் வினாவை மனத்திற் கொண்டு பார்த்தால் இப்படத்தின் இடம் மாறிவிடுகின்றது. ஆடுகளுக்கு நன்மை உண்டா என அவர் கேட்டபோது இல்லை என விடை கூறியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். ஊரிலுள்ள நெல்சன், தாம் எதைப் படமாக்கலாம் என எண்ணியபோது, நீரை நினைத்தார். வரண்ட நிலத்தில் நல்ல நீரைக் காட்டிலும் மனிதருக்கும் ஆட்டுக்கும் நன்மையானது வேறெது? கிணற்றைப் படம் வெட்டவில்லை என்பது உண்மை. ஆயினும் ஒரு சமூகம் தனக்கு எது வேண்டும் எனத் தன்னிடமே பேசிக்கொள்வதற்குக் கலை உதவக்கூடும் என்பதை அது காட்டியது.

அத்தேவை இன்னும் தீரவில்லை. இன்றும் நவஹோ வீடுகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினவற்றுக்குக் குழாய்நீர் வசதி கிடையாது. 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நவஹோ மக்களுக்கு நீரைப் பெற்றுக்கொடுக்க நடவடிக்கை எடுக்கும் கடமை ஐக்கிய அமெரிக்க அரசாங்கத்துக்கு இல்லை என, 2023 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. பைன் ஸ்பிறிங்ஸ் படங்களோ 2002இலேயே அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டுப் பாதுகாக்கப்படும் பெருமையைப் பெற்றுவிட்டன. கிணற்றைப் பற்றிய படத்தைப் பேணுவதற்கு இருக்கும் அக்கறை கிணற்று நீரைப் பேணுவதற்கு இல்லை.

ஆகவே சாம் யாசியின் வினா 1966உடன் முடிந்துவிட்ட ஒன்றன்று. அது படைப்பாளிக்கு விடுக்கப்பட்டதினும் பார்க்க, பிறர் வாழ்வை ஆராய்ந்து நூல் எழுதுவோருக்கும், அப்படங்களைக் கண்டு விமர்சனம் எழுதுவோருக்குமே கூடுதலாக விடுக்கப்பட்டதாகும். கலைக்கு உடனடிப் பயன் ஒன்றையே அளவுகோலாக்குவது அவ்வினாவின் கருத்து அன்று; அவ்வாறாயின் தம் பேர்த்திகளின் கமராவுக்கு முன் அவர் வந்து நின்றிருக்கமாட்டார். யாருடைய வாழ்வைக் கொண்டு அறிவு ஆக்கப்படுகின்றதோ, அவர்களுக்கு அதனால் விளைவது யாது என்பதே அதன் கருத்து. அதற்கு இல்லை என நேர்மையாக விடை கூறிய வேர்த்தைக் குறைகூறல் எளிது. அவ்விடையை உண்டு என மாற்றுவதற்கான வழியைக் காண்பதே கடினம். 'ஆழமற்ற கிணறு' அவ்வழியின் தொடக்கத்தையேனும் சுட்டி நிற்கின்றது.